ஷூர் எஸ்எம்58: சபை மேடைக்கும் வீட்டு ரெக்கோடிங்குக்கும் ஒரே மைக்

மட்டக்களப்பில் நற்செய்திப் பாடல் பாடுகிறவருக்கு ஞாயிறு ஆராதனை ஊழியம். அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. கல்யாண ஆராதனை, நற்செய்திக் கூட்டம், டிசம்பர் கரோல் என்று எப்போதாவது கையில் ஒரு என்வலப் வரும். சொந்தப் பாட்டு வெளியிடுவதென்றால் கீபோர்ட் ப்ரோக்ராமிங், மிக்சிங், வீடியோ எல்லாம் கைக்காசுதான். யூடியூப் விளம்பரப் பணம் வர 1000 சந்தாதாரர் சேர வேண்டும், ஷோர்ட்ஸ் அல்லாத வழக்கமான வீடியோ என்றால் 12 மாதத்துக்குள் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். 5 நிமிடப் பாட்டுக்கு அது 48,000 முழுக் கேட்பு. புளியந்தீவிலோ வாழைச்சேனையிலோ இருந்து தனியாகப் பாடுகிறவருக்கு அது இலேசில் வராது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வாடகை ஸ்டூடியோவில் பாடுகிற பாட்டில் ஜெபமும் அவசரமாகிவிடும். குரலை வீட்டில் பதிந்துகொண்டு, மிச்சக் காசைப் பின்னணி இசை ட்ராக்குக்கும் மிக்சிங்குக்கும் வைப்பதே நல்லது.

அதற்கு முதலில் வாங்க வேண்டியது எஸ்எம்58. 1966 முதல் சந்தையில் இருக்கிற டைனமிக் மைக் இது; அதாவது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு ஒலியை மின்னாக்குவது. பலர் ஸ்டூடியோக்களில் புழங்கும், வெளி மின்சாரம் வேண்டிய கண்டென்சர் மைக்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், உண்மை. ஆனால் ஓடும் ஃபேன், காகம், கல்லடி வீதியில் போகும் மோட்டார் சைக்கிள், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, சீமெந்துச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் அதே நுணுக்கத்தோடு பிடித்துவிடும். நம்முடைய வீட்டு அறைக்கு அது பொருந்தாது. எஸ்எம்58 கார்டியோயிட் வகை: முன்னால் கேட்கும், பின்பக்கத்தை மிகவும் குறைத்துக் கேட்கும். வாயை நெருக்கி வைத்துப் பாடலாம் என்பதால் குரலுக்கு முன் அறைச் சத்தம் தாழ்ந்துபோகும்.

பதியும்போது மைக்கின் வால்பக்கம் யன்னலைப் பார்க்கட்டும். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு தும்பு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மைக்கின் முகம் அந்தத் திசையைத்தான் பார்க்கிறது, எதிரொலியும் அங்கிருந்துதான் அதிகம் நுழையும். மெத்தையை மைக்குக்குப் பின்னால் வைப்பதால் பெரிய பயனில்லை. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் அகலம் போதும். அதைவிட நெருங்கினால் அடித்தொனி வீங்கும். மெல்லிய ஜெப வரிகளுக்கு அது இதமாக இருக்கும், பல்லவியில் குரலை அமுக்கிவிடும். ஆகவே உச்சத்தில் ஒரு சாண் பின்வாங்கிப் பாடப் பழக வேண்டும்.

‘பரிசுத்தர்’ என்று எடுக்கும்போது ‘ப’ வெடிக்கும், ‘ஸ்தோத்திரம்’ சீறும். மைக்கின் கம்பிவலைப் பந்துக் கூட்டுக்குள் இருக்கிற ஸ்பொஞ்ச் கொஞ்சம் தாங்கும், முழுவதும் தாங்காது. மைக்கை உதட்டுக்கு நேரே பிடிக்காமல் வாயோரத்துக்குச் சற்றுச் சரித்து வைத்தால் இரண்டுமே பெரும்பாலும் அடங்கும். மிக்சிங்கில் சரிசெய்வதைவிட இது மேல்.

இதன் உண்மையான குறை வெளியீடு மெல்லியது என்பது. ஒலி அழுத்தத்தின் அலகான பாஸ்கல் ஒன்றுக்கு 1.85 மில்லிவோல்ட் மட்டுமே தருகிறது. மெல்லிய குரலில் பாடுகிறவருக்கு 55 முதல் 60 டெசிபெல் வரை கெயின், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவு, தேவைப்படும். மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி மலிவானதென்றால், அதன் குமிழை முழுக்கத் திருப்பினால் ‘ஸ்ஸ்’ என்று இரையும். வாங்கும் இன்டர்ஃபேஸின் மைக் கெயின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். போதாவிட்டால் வயரோடு சேர்க்கிற பூஸ்டர் ஒன்று 25 டெசிபெல் அளவில் கூட்டித் தரும். பூஸ்டருக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் மைக் வயர் வழியே அனுப்பும் மின்சாரம், வேண்டும்; மைக்குக்கு வேண்டாம்.

பதிவு மென்பொருளில் தரத்தை 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்துப் பதியுங்கள். உச்ச வரியிலும் ஒலி அளவு காட்டும் மீட்டர் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். பிறகு தாழ்ந்த, உயர்ந்த தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் ஆண் குரலுக்கு 80, பெண் குரலுக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வெட்டி, 250 ஹேர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபெல் குறைத்து, 10 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் 2 டெசிபெல் கூட்டினால் கண்டென்சரின் பளபளப்புக்கு ஓரளவு கிட்ட வரும். கண்டென்சர் தருகிற அந்த மெல்லிய மூச்சுத் தொனி முழுதாக வராது. மூச்சுவிடுவது போல் மென்மையாகப் பாடுகிறவர்கள் குரலுக்கு மட்டும் நல்ல அறையுள்ள ஸ்டூடியோவுக்குப் போவதே மேல். பாடகர் குழுவை ஒரே மைக்கில் பதியவும் இது உதவாது.

கிறிஸ்மஸ் பாட்டை ஒக்டோபரிலேயே பதிந்து முடியுங்கள். வடகீழ்ப் பருவமழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் எந்த மைக்கும் காப்பாற்றாது.

சபை மேடையில் இதற்குக் குறை சொல்ல அதிகமில்லை. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கர் பெட்டியை மைக்கின் வாலுக்கு நேரே வையுங்கள். உணர்ச்சி மிகுந்து பந்தைக் கையால் பொத்திப் பிடிப்பதுதான் விசிலடிக்கக் காரணம்: பின் துளைகள் அடைபட்டால் பின்பக்கத்தைத் தள்ளும் குணம் போய்விடும். இளம் பாடகர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போலிகள் நிறையப் புழங்குகின்றன. அசல் 298 கிராம். கையில் எடுத்தாலே கனம் தெரியும், தராசில் வைத்துப் பார்க்கவும் தயங்க வேண்டாம். விலை நம்ப முடியாத அளவு குறைவென்றால் அதை விட்டுவிடுங்கள். சுவிட்ச் உள்ளதும் இல்லாததும் இரண்டுமே அசலில் உண்டு, அதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆராதனை நடுவே தவறி அணைந்துவிடும் என்பதால் சுவிட்ச் இல்லாததே சபைக்கு நல்லது.

வாவிக் காற்றின் ஈரமும் பாடுகிறவர் எச்சிலும் சேர்ந்தால் ஸ்பொஞ்ச் நாறும், தொனியும் மங்கும். பந்தைத் திருகிக் கழற்றி, மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே பூட்டுங்கள். பந்தைக் கழற்றிய பின் வெளியே தெரிகிற மைக்கின் உள் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அலுமாரியில் வையுங்கள்.