ஐசோஃபிக்ஸா, பெல்ட்டா? குழந்தை சீட்டை எப்படி மாட்டலாம்

எங்கள் வீட்டில் இரண்டு கார். மாமனாரின் பழைய வண்டியில் ஐசோஃபிக்ஸ் கிடையாது, நாங்கள் பிறகு வாங்கியதில் உண்டு. இரண்டு விதமாகவும் மாட்டக்கூடிய ஒரே சீட்டை இரண்டு வண்டிக்கும் தூக்கி அலைந்ததில் தெரிந்துகொண்டது இது.

ஐசோஃபிக்ஸ் என்பது பின்சீட்டின் இடுக்கில் விரலை விட்டால் தட்டுப்படும் இரண்டு கம்பி வளையங்கள்தான். வண்டியின் உடம்போடே சேர்ந்தவை. ஒன்றுக்கொன்று 28 செ.மீ. இடைவெளி, எந்த கம்பெனி கார் என்றாலும் அதே கணக்கு. குழந்தை சீட்டின் இரு கைகளையும் அதில் 'டக்' என்று மாட்டினால் பச்சைக் குறி தெரியும். அரை நிமிட வேலை.

ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. வண்டி மோதினால் அந்த இரண்டு பிடியையும் அச்சாக வைத்து சீட் முன்னால் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க மூன்றாவது பிடி வேண்டும்: தரையில் ஊன்றும் கால், அல்லது சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து பின்னால் போகும் வார். அந்த வாருக்கென்று வண்டியில் தனிக் கொக்கி இருக்கும். சாமான் கட்டும் கொக்கியில் மாட்டக்கூடாது, அது அந்த இழுப்பைத் தாங்காது. ஊன்றுகால் உள்ள சீட் என்றால், கால் வைக்கும் இடத்தில் தரைக்கு அடியில் சாமான் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு கையேட்டையும் படிக்காமல் ஊன்றாதீர்கள்.

பெல்ட்டில் மாட்டுவது பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக மாட்டினால் அப்படி இல்லை. சரியாக மாட்டுவதுதான் பாடு. நான் முதல் தடவை மாட்டிய சீட் முதல் வளைவிலேயே கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. பெல்ட் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சீட்டிலேயே நிறம் போட்டிருப்பார்கள்: பின்நோக்கி (குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்க) வைக்க நீலம், முன்நோக்கி வைக்க சிவப்பு. முறுக்கில்லாமல் கோத்து, சீட்டில் முழங்காலை வைத்து அழுத்தியபடி தளர்ச்சியை இழுத்தெடுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. உச்சியைப் பிடித்து ஆட்டிவிட்டு பயப்பட வேண்டாம், பின்நோக்கி வைத்த சீட்டின் தலைப்பகுதி கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

பழைய வண்டிகளில் நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். தோள்பெல்ட் கேட்கும் சீட்டை அங்கே வைக்கவே முடியாது.

என் தீர்ப்பு: வண்டியில் ஐசோஃபிக்ஸ் இருந்தால் அதுதான். பெல்ட்டை விட உறுதி என்பதால் அல்ல, தப்பாக மாட்ட வழி குறைவு என்பதால். இல்லையென்றால் அதற்காக வண்டியை மாற்ற வேண்டாம், பெல்ட்டை இறுக்கிப் பூட்டும் கிளிப் உள்ள சீட்டாக வாங்குங்கள். ஐசோஃபிக்ஸுக்கு எடை வரம்பும் உண்டு. ஐ-சைஸ் என்ற ஐரோப்பியக் குழந்தை சீட் தரத்தில் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோ. பிள்ளை வளர்ந்தால் எப்படியும் பெல்ட்டுக்குத்தான் வர வேண்டும்.

எதில் மாட்டினாலும் 15 மாதம் வரையாவது பின்நோக்கித்தான். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் அப்படி வைக்கவே கூடாது.

"ஏம்மா, மடியில வச்சுக்கிட்டா ஆகாதா?" என்று மாமியார் கேட்டார். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10 கிலோ குழந்தை கையில் 140 கிலோ போல இழுக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போதும் சமாதானமாகவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம், 2019 சட்டத் திருத்தத்தில் வந்தது என்றேன். அதற்கு மசிந்தார்.

வாடகை வண்டி என்றால் பெல்ட்தான் கதி. பேசும்போதே பின்சீட்டில் பக்கிள் வெளியே தெரிகிறதா என்று கேட்டுவிடுகிறேன். பாதி வண்டிகளில் சீட் கவருக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.