வலையா, பற்றையா?

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் கோழி குஞ்சு பொரித்துவிட்டால் அடுத்த கவலை வானத்தில்தான். செம்பருந்து மேலே வட்டமிட்டு இறங்கும். வல்லூறு கிளையில் மறைந்திருந்து தாழப் பாயும்.

பழைய மீன்வலையை முற்றத்தின் மேல் இழுத்துக் கட்டினால் இரண்டுமே உள்ளே வர முடியாது. கரையில் கழித்த வலை மலிவாகவும் கிடைக்கும். ஆனால் ஒற்றை நைலான் இழையாலான தங்கூசி வலையைத் தயவுசெய்து கட்டாதீர்கள்! கண்ணுக்குத் தெரியாத அந்த இழையில் ஆந்தையும் சாரைப்பாம்பும் சிக்கித் துடித்துச் சாகும். தடித்த நைலான் வலையே நல்லது. அதுவும் வாடைக் காலத்தில் சருகும் மழையும் சேர்ந்து தொய்ந்துவிடும். குஞ்சுகள் வலைக்கு வெளியே போய் மேயவும் முடியாது.

பற்றை, அதாவது புதர், வேறு விதம். செம்பரத்தை, எலுமிச்சை, முழங்கால் உயரத்தில் சாய்த்த கிடுகு என்று சில அடிக்கு ஒரு மறைவிடம் வேண்டும். தாய்க்கோழி எச்சரித்துக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் ஓடிப் பதுங்கும். பருந்துக்குச் சிறகு விரிக்க இடமிருக்காது. வல்லூறு மட்டும் சிலவேளை உள்ளேயும் துரத்தும். கீரிக்கும் அதே பற்றை ஒளிவிடம் என்பதால், கோடிப்புறத்தில் அல்லாமல் வீட்டுக்கு அருகிலேயே நடுங்கள்.

என் முற்றத்தில் முதல் ஆறு வாரம் வலை, பிறகு பற்றை. வளர்ந்த கோழியைச் செம்பருந்து தூக்குவது அரிது.