உயரம் குறைத்த காருக்கு எந்த ஸ்பேசர்? எச் அண்ட் ஆர் 15 மி.மீ. குறித்து ஒரு மதிப்பீடு

காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளைப் பொருத்திய பிறகு, உள்வாங்கி நிற்கும் சக்கரங்களை ஃபெண்டர் (சக்கரத்தை மேலிருந்து மூடும் உடற்தகடு) விளிம்பு வரை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பெரும்பாலோருக்கு வரும். அதற்காகச் சக்கரத்துக்கும் அது மாட்டப்படும் ஹப்புக்கும் (அச்சின் முனையில் சுழலும் பகுதி) இடையே வைக்கும் உலோகத் தட்டுதான் ஸ்பேசர். ஆசையில் தவறே இல்லை. ஆனால் எத்தனை மில்லிமீட்டர் என்பதை, கார் அசையாமல் நிற்கும்போது கண்ணளவில் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சஸ்பென்ஷன் முழுவதுமாக அமுங்கியிருக்கும் நிலையில் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ, அதுதான் ஸ்பேசரின் தடிமனை முடிவு செய்ய வேண்டும்.

என் கார் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். குறைந்த திறன் கொண்ட எஞ்சின் வகை என்பதால் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் ஒரே முறுக்குத் தண்டால் இணைக்கும் சஸ்பென்ஷன். சக்கரங்கள் 17 அங்குலம், ஆஃப்செட் (சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் அமரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம்; இது குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்) 49 மி.மீ. பின்சக்கரங்களுக்கு எச் அண்ட் ஆர் நிறுவனத்தின் 15 மி.மீ. ஸ்பேசர்களைத் தேர்ந்தெடுத்தேன். இதனால் ஆஃப்செட் 34 ஆகக் குறைகிறது. இரு பக்கமும் சேர்த்துப் பின்பக்க அகலம் 30 மி.மீ. கூடுகிறது. 20 மி.மீ. போட்டிருந்தால் பார்வைக்கு இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். அதை ஏன் விட்டேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு சக்கரத்தையும் பல இணைப்புக் கைகள் தனித்தனியாகத் தாங்கும் மல்டிலிங்க் வகைப் பின் சஸ்பென்ஷனில், சக்கரம் மேலே ஏறும்போது டயரின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்து ஃபெண்டருக்குள் நழுவிக்கொள்ளும். டார்ஷன் பீமில் இரு சக்கரங்களும் சேர்ந்து அமுங்கும்போது கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) ஏறக்குறைய மாறுவதில்லை. டயர் நேராக மேலே போய் விளிம்பில் இடிக்கிறது. எனவே ஒரே தடிமன் கொண்ட ஸ்பேசர், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கார்களில் ஒன்றில் உரசாமலும் மற்றொன்றில் உரசியும் நிற்கலாம். முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த வகை) உள்ள கார்களில் வேறொரு சிக்கல் உண்டு. உயரத்தை மிகவும் குறைத்துவிட்டால், கீழ்க்கை (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் இணைப்புக் கை) கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அதற்கு மேல் அமுங்கும்போது உட்சாய்வு கூடுவது குறைந்து, ஒரு கட்டத்தில் எதிர்த்திசைக்கே திரும்பிவிடும். இடம் தேவைப்படும் அதே நேரத்தில் இடம் சுருங்குகிறது.

இந்தக் காரின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பதால் அளப்பது எளிது. காரைத் தாங்கிகளில் நிறுத்தி, இரு பக்க ஸ்பிரிங்குகளையும் எடுத்துவிட்டு, ஸ்பேசருடன் சக்கரத்தை மாட்டி, சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நன்றாக நசுங்கும் வரை ஜாக்கியால் மெல்ல உயர்த்த வேண்டும். ஃபெண்டரின் உள்மடிப்பில் சிறுவர்கள் விளையாடும் வண்ணக் களிமண்ணைத் திரித்து ஒட்டி வைத்தால், டயரின் தோள்பட்டை எங்கே நெருங்குகிறது என்பது அதில் பதிந்துவிடும். 15 மி.மீ. ஸ்பேசருடன் களிமண் தொடப்படாமல் இருந்தது. 20 மி.மீ. ஸ்பேசருடன் அதில் டயரின் வரிகள் தெளிவாகப் பதிந்தன. உள்மடிப்பை உருட்டித் தட்டினால் இடம் கிடைக்கும்தான், ஆனால் அங்கே பெயின்ட் வெடித்தால் துரு பிடிக்கும் என்பதால் அதை நான் விரும்பவில்லை.

இனி பொருளைப் பற்றி. அலுமினியக் கலப்பு உலோகத்தில் கடைந்தெடுத்த, இருபுறமும் ஹப்பில் மையம் கொள்ளும் வகை இது. உட்புறத் துளை 57.1 மி.மீ. ஹப்பில் இடைவெளியின்றி அமர்கிறது; வெளிப்புறத்தில் அதே 57.1 மி.மீ. அளவில் எழும்பி நிற்கும் வளையத்தில் சக்கரம் அமர்கிறது. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், ஆட்டமே இல்லாமல் நிற்கும் அந்தப் பொருத்தத்துக்காகத்தான் இந்த விலை கொடுக்கலாம் என்பேன். பல கார்களுக்கும் பொருந்தும் என்று நீள்துளைகளுடன் விற்கப்படும் பொது ஸ்பேசர்களில் இந்த மையப் பிடிப்பு கிடையாது. சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் போல்ட்டுகள் மீது விழுகிறது. இறுக்கும்போது சக்கரம் நடுவிலிருந்து இழையளவு விலகினாலும் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரத் தொடங்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்க வேண்டாம்.

தடிமன் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவதும் சரியல்ல. 5 மி.மீ. ஸ்பேசரில் தனியாக வளையம் அமைக்க இடமில்லை. காரின் ஹப் வளையம் 10 மி.மீ. நீளம் என்றால், அதில் பாதியை ஸ்பேசர் எடுத்துக்கொள்ளும். சக்கரத்தின் துளை ஓரத்தில் உள்ள சரிவையும் கழித்தால், உண்மையில் பிடிப்புக்கு மிஞ்சுவது மிகச் சிறிய அளவே. அதைவிடச் சற்றுத் தடித்து, தனி வளையம் உள்ளவற்றில், ஹப் வளையம் ஸ்பேசரின் உட்குழிவைவிட நீளமாக இருந்து, ஸ்பேசரை முழுவதுமாக அமரவிடாமல் தடுக்கலாம். ஆகவே ஹப் வளையத்தின் நீளத்தை அளக்காமல் மெல்லிய ஸ்பேசரை வாங்கக் கூடாது.

போல்ட்டுகள் ஸ்பேசரைவிட முக்கியமானவை. ஸ்பேசர் எத்தனை மி.மீ. தடிமனோ, போல்ட்டும் அத்தனை மி.மீ. நீளம் கூடியிருக்க வேண்டும். திருகுப்பகுதி குறைந்தது போல்ட்டின் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே பிடிக்க வேண்டும், 14 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட போல்ட் என்றால் ஒன்பது முழுச் சுற்றுக்கு மேல் வரும். அளவுக்கு மீறி நீண்ட போல்ட்டும் ஆபத்துதான், ஏனெனில் சில கார்களில் அது உள்ளே போய் ஹேண்ட் பிரேக்கின் பாகங்களை உரசும். போல்ட்டின் தலைக்கடியில் உள்ள வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் சொந்தச் சக்கரங்களுக்கு உருண்டை வடிவம் தேவை. வெளியே வாங்கும் அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவத்தைக் கேட்கும். மாற்றிப் போட்டால் போல்ட் ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பிறகு தானாகவே தளரும்.

பொருத்தும் முன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை முற்றிலும் நீக்கினேன். ஒரு துருச் செதில் இடையில் சிக்கினாலும் ஸ்பேசர் சாய்ந்துவிடும். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஹப் வளையத்தில் மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவினேன், திருகுகளில் தடவவில்லை. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கி, சிறிது தூரம் ஓடிய பிறகு மறுபடி சோதித்தபோது எந்த போல்ட்டும் நகரவில்லை.

ஓட்டத்தில் அதிர்வு சிறிதும் இல்லை. வளைவுகளில் பின்பக்கம் முன்னைவிட உறுதியாக நிற்கிறது; அதன் மறுபக்கமாக, வேகமாகத் திருப்பினால் முன்பக்கம் சற்று முன்னதாகவே வெளியே தள்ளத் தொடங்குகிறது. முன்சக்கரங்களுக்கு நான் எதுவும் போடவில்லை. அங்கே ஆஃப்செட்டைக் குறைத்தால், சாலையின் பள்ளமும் வரிப்பள்ளங்களும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுப்பது கூடும். அழகுக்காக அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இப்போது காரில் இரு நீள போல்ட்டுகள் இருப்பதால், சக்கரங்களைக் கழற்றும் யாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீளமானவை முன்னால் போனால் அளவுக்கு மீறி உள்ளே நுழையும். குட்டையானவை பின்னால் வந்தால் போதிய புரிகள் பிடிக்காது. பின்சக்கர போல்ட்டுகளின் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்திருக்கிறேன். குட்டை போல்ட்டுகளின் ஒரு செட் டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்பேசரைக் கழற்றிவிட்டு மாட்ட நேர்ந்தால் அவைதான் வேண்டும்.