மூடினால் குக்கி அழியும் செட்டிங்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

"ஃபயர்பாக்ஸ் பிரவுசர்ல குக்கியெல்லாம் தானா அழியற மாதிரி வச்சிருக்கீங்களாமே, நானும் அப்படியே போட்டுக்கலாமா சார்?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸின் தனியுரிமைப் பகுதி 'ஸ்ட்ரிக்ட்' (கடுமையான பாதுகாப்பு) நிலையில் இருக்கிறது. கூடவே, பிரவுசரை மூடும்போது குக்கிகளையும் தளங்களின் தரவையும் அழிக்கச் சொல்லும் டிக்கையும் போட்டிருக்கிறேன். பல வருடங்களாக இப்படித்தான். குக்கி என்பது ஒரு தளம் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்ள நம் பிரவுசரில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. அதற்கு மேல் அடிப்படையிலிருந்து தொடங்கப் போவதில்லை. அது தெரிந்தவர்கள்தான் இந்தக் கேள்விக்கே வருவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது டோட்டல் குக்கி புரொடெக்ஷன். 2021 பிப்ரவரியில் 86ஆம் பதிப்போடு ஸ்ட்ரிக்ட் நிலையில் வந்தது. 2022 ஜூனிலிருந்து சாதாரண நிலையிலேயே எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா என்பதுதான் ஏற்பாடு. ஒரு செய்தித் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பர நிறுவனம் குக்கி வைத்தால், அது அந்தச் செய்தித் தளத்தின் டப்பாவுக்குள் விழும். அதே நிறுவனம் நான் மிக்ஸி பார்க்கும் கடையின் தளத்திலும் இருக்கலாம். ஆனால் அங்கே அதற்குக் கிடைப்பது வேறு டப்பா. செய்தி படித்தவரும் மிக்ஸி பார்த்தவரும் ஒரே ஆள் என்று குக்கியை வைத்து அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஐபி முகவரி, லாகின் செய்த மின்னஞ்சல் என்று வேறு வழிகள் உண்டுதான். இருந்தாலும் எல்லாவற்றிலும் சுலபமான வழி அடைபட்டுவிட்டது. முன்பெல்லாம் ஒருமுறை பார்த்த மிக்ஸி, சமையல் குறிப்பு, கிரிக்கெட் ஸ்கோர் என்று எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும். அது நின்றுவிட்டது. ஸ்ட்ரிக்ட் போட்டதைத் தவிர இதற்காக நான் ஒரு கிளிக் கூடச் செய்ய வேண்டியிருக்கவில்லை. கேட்காமலே காப்பாற்றும் வசதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் வைக்கும் குக்கிகளை, முழுவதுமாக அடைத்துவிட்டது. குரோம், இரண்டே வருடத்தில் அவற்றை ஒழிக்கப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. அப்புறம் தள்ளிக்கொண்டே போய், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸுக்குள் போய்த் தாங்களே அடைத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது, ஆனால் எத்தனை பேர் அங்கே போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

சரி, அந்த டிக்குக்கு வருகிறேன். மூடினால் எல்லாம் அழியும் என்பதால் லாகின்களும் போய்விடும். வங்கித் தளம் எப்படியும் கொஞ்ச நேரத்தில் வெளியேற்றிவிடும் என்பதால் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 'இந்தக் கருவியை நினைவில் வை' என்று கேட்கும் தளங்கள் பலவும் அந்த நினைவைக் குக்கியில்தான் வைத்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வரும். மின்னஞ்சல் மாதிரி தினமும் தேவைப்படும் தளங்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவை தப்பிக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: சில சேவைகளில் லாகின் நடக்கும் முகவரி வேறாக இருக்கும். அதையும் பட்டியலில் சேர்த்தால்தான் உள்ளேயே இருப்பீர்கள். ஒருநாள் உட்கார்ந்து இதைச் செய்துவிட்டால் போதும். இதெல்லாம் ஒரு தொல்லையே இல்லை.

என்னை வாட்டுவது குக்கி வைக்க அனுமதி கேட்டுத் தளங்கள் காட்டும் பேனர்தான். இத்தனை வருடத்தில் இந்த எரிச்சல் குறையவே இல்லை.

காலையில் நான் விடாமல் படிக்கும் ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளம் இருக்கிறது. பக்கம் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு பேனர் எழும். 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பது பெரிய வண்ணப் பொத்தான். பக்கத்தில் மங்கலாக 'விருப்பங்களை நிர்வகி'. 'வேண்டாம்' என்று நேராகச் சொல்லப் பொத்தான் கிடையாது. உள்ளே போனால் நிறுவனங்களின் பட்டியல் முடிவில்லாமல் நீள்கிறது. அதற்குள்ளேயே 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' (நியாயமான தேவை இருப்பதால் சம்மதம் கேட்காமலே தரவை எடுத்துக்கொள்கிறோம் என்ற வாதம்) என்று இன்னொரு பகுதி. அங்கே எல்லாமே முன்கூட்டியே ஆன் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் அணைத்து, சேமி என்று அழுத்தினால் செய்தி தெரியும். அடுத்த நாள் காலையில் இதே வேலை மறுபடி.

ஏன் மறுபடி? நான் சொன்ன 'வேண்டாம்' என்ற பதிலையும் அவர்கள் ஒரு குக்கியில்தான் எழுதி வைக்கிறார்கள். நான் பிரவுசரை மூடியதும் அதுவும் மற்றவற்றோடு அழிந்துபோகிறது. குக்கிகளை அழிக்காமல் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் மாதக்கணக்கில் யாரும் எதுவும் கேட்பதில்லை. தன் தரவைப் பாதுகாக்க மெனக்கெடுகிறவரிடம் தினமும் கேட்கிறார்கள். ஒருநாள் அவசரத்தில் அவர் அந்த வண்ணப் பொத்தானை அழுத்தினால், அன்றைக்கு அவர்களுக்கு லாபம்.

நியாயமாகப் பார்த்தால், அடையாளம் எதையும் வைக்காதே என்று சொன்னதே நான்தான். அடையாளம் இல்லாமல் என்னை எப்படி ஞாபகம் வைப்பார்கள்? அந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் திரையிலேயே 'வேண்டாம்' பொத்தானை வைக்காததற்கு இது சாக்கு ஆகாது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 என்ற நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. ஏற்பது எவ்வளவு சுலபமோ மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இல்லை என்பதற்காக, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் அறிவித்தது. அதே வருடம் ஐரோப்பாவில் கூகுள் 'எல்லாவற்றையும் மறுக்கிறேன்' பொத்தானைக் கொண்டுவந்தது. அதாவது, மனம் வைத்தால் செய்ய முடிகிற காரியம்தான் இது.

பதிலைத் தளத்தின் குக்கியில் வைக்காமல் பிரவுசரே ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது. அதற்கும் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் என்று, 'என் தரவை விற்காதே, பகிராதே' என்று தளங்களுக்குச் சொல்லும் ஒரு சமிக்ஞை இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் அதை ஆன் செய்துகொள்ளலாம். கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட தளங்கள் அதை மதித்தே ஆக வேண்டும். அதை மதிக்காததும் சேர்ந்த ஒரு வழக்கில் அழகுசாதனப் பொருள் விற்கும் செஃபோரா நிறுவனம் 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. ஆனால் நான் படிக்கும் அந்தத் தளத்தின் பேனர் அந்தச் சமிக்ஞையைக் கண்டுகொள்வதே இல்லை.

நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்கிறது அது. தமிழும் அதில் ஒன்று. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. என் அம்மா போனில் நாளிதழ் படிப்பவர். அவருக்குப் புரிகிற தமிழில், இரண்டு பொத்தானும் ஒரே அளவில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். தமிழிலும் பெரிய வண்ணப் பொத்தானும் மங்கலான பொத்தானுமாகவே வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

அதுவரைக்கும் ஒரு வழி: விளம்பரங்களைத் தடுக்கப் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியில் (எக்ஸ்டென்ஷன்) குக்கி அறிவிப்புகளை மறைக்கும் பட்டியல் உண்டு. இயல்பாக அது ஆஃபில் இருக்கும், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். பேனர் மறைந்தால் நாம் சம்மதம் சொன்னதாக ஆகாது. சில தளங்களில் பேனர் போன பிறகும் பக்கம் நகராமல் நிற்கும், அவ்வளவுதான் குறை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய கன்சென்ட்-ஓ-மேட்டிக் என்ற நீட்சி வேறு மாதிரி. பேனருக்குள் போய் நமக்காக 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு வரும். பேனர் தொலைந்தால் சரி என்று எல்லாவற்றுக்கும் 'ஏற்கிறேன்' கொடுத்துவிடும் நீட்சிகளும் இருக்கின்றன. எது என்ன செய்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

இதற்கெல்லாம் அந்தச் செய்தித் தளம் போன வாரம் ஒரு பதில் வைத்துவிட்டது. இப்போது பேனரில் இரண்டே வழி: எல்லாக் குக்கிகளையும் ஏற்றுக்கொள், இல்லையென்றால் மாதச் சந்தா கட்டு. சந்தா கட்டினாலும் லாகினில் இருக்க வேண்டும், அதற்கும் குக்கி வேண்டும். பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. விளம்பரம் போடட்டும், பார்க்கிறேன். என்னைப் பின்தொடராத விளம்பரம் என்று ஒன்று இருக்கவே இருக்கிறது. அதை ஒரு வழியாகக்கூட வைக்கவில்லையே என்பதுதான் கோபம்.

ஆக, நண்பருக்கு என் பதில்: ஸ்ட்ரிக்ட் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். யூபிளாக்கும் போடுங்கள். மூடினால் அழிக்கும் டிக்கை மட்டும் போடாதீர்கள். நானே பல வருடமாகப் போட்டிருந்தும் இதைத்தான் சொல்கிறேன். போட்டால், தினமும் வரும் பேனரால் ஒரு மாதத்தில் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவீர்கள், அதைவிட இது மேல். என் லேப்டாப்பில் அந்த டிக் இருக்கும். நான் எடுப்பதாக இல்லை.