லாக் கேபினா, அறுகோணமா, கவந்தியா? ஒரு வருடம் தைத்துப் பார்த்ததில்

போன தை மாதம் என் கையில் இருந்தவை ஒரு பழைய தையல் மெஷின், அம்மாவின் ஒன்பது பருத்திச் சேலைகள், தெருமுனைத் தையல்கார அண்ணன் கொடுத்த ஒரு பை நிறைய வெட்டுத்துணி. கில்ட் தைக்கவேண்டும் என்ற ஆசை பல வருடமாக மனதில் கிடந்தது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ, கீழே ஒரு அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் கில்ட். ஆனால் அந்த மூன்றையும் சேர்க்க எத்தனையோ வழி இருக்கிறது. இந்தத் தை பிறப்பதற்குள் மூன்று வழிகளில் தைத்துப் பார்த்துவிட்டேன்: மெஷினில் லாக் கேபின், கையால் காகித அறுகோணம், கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் கவந்தி.

அழகு என்று பார்த்தால் மூன்றும் அழகுதான். நான் கவனித்தது வேறு: தப்பு நடந்தால் அது எப்போது கண்ணில் படுகிறது, அதைச் சரிசெய்ய எவ்வளவு பிரிக்கவேண்டியிருக்கிறது? புதிதாகத் தைப்பவரின் கை தேறுவதும் சலித்துப்போவதும் இதைப் பொறுத்துத்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

முதலில் லாக் கேபின். அமெரிக்கக் கில்ட்களில் மிகவும் பெயர்பெற்ற அமைப்பு இது. நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி, மரக்கட்டை அடுக்கி வீடு கட்டுவதுபோல, நீளப் பட்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் தைக்கவேண்டும். நடுச் சதுரம் பெரும்பாலும் சிவப்பு. வீட்டின் அடுப்புத் தீ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஒரு பாதிக்கு வெளிர் நிறம், மறு பாதிக்கு அடர் நிறம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைத்தாலே வைரம் வரும், சாய்கோடு வரும். அந்த மாயத்துக்காகவே இதைத் தொட்டேன்.

பத்து அங்குலக் கட்டம் முப்பது. ஐந்துக்கு ஆறாக அடுக்கினால் 50-க்கு 60 அங்குலப் போர்வை. நடுச் சதுரம் 2 அங்குலம், பட்டி 1 அங்குலம், நான்கு சுற்று. கணக்கு சுத்தமாக இருந்தது. சிக்கல் தையல் ஓரத்தில் வந்தது. ரவிக்கை தைக்கும்போது பின்னால் பிரித்துவிட வேண்டுமே என்று தாராளமாக ஓரம் விட்டுப் பழகிய கை இது. கில்டில் ஓரம் கால் அங்குலம், அவ்வளவுதான். என் தையல் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம், உள்ளே தள்ளி ஓடியிருந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் ஒரு தையலில் இரண்டு துணி இருக்கிறது, ஆக அரைக்கால் அங்குலம் போயிற்று. கட்டத்தின் குறுக்கே எட்டுத் தையல். எட்டு அரைக்கால் ஒன்று. பத்து அங்குலம் வரவேண்டிய கட்டம் ஒன்பதில் நின்றது.

எல்லாக் கட்டமும் அப்படி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சின்னப் போர்வை என்று விட்டிருப்பேன். சில சரியாக இருந்தன, சில குறைந்திருந்தன. பதினோரு கட்டம் முடித்துத் தரையில் பரப்பிய அன்றுதான் அது தெரிந்தது. ஆறு கட்டங்களைப் பிரித்தேன். கட்டத்துக்குப் பதினாறு தையல் வீதம் தொண்ணூற்றாறு தையல். பிறகு மெஷின் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, அந்த இடத்தில் செல்லோடேப்பை ஏழெட்டு மடிப்பாக ஒட்டி ஒரு சின்ன வரப்பு கட்டினேன். துணியின் விளிம்பு வரப்பை உரசிக்கொண்டே போகவேண்டும். மிச்சக் கட்டங்கள் நூல் பிசகாமல் வந்தன. இந்த ஒரு பாடத்துக்காகவே லாக் கேபினுக்கு நான் நன்றி சொல்வேன்.

இதிலேயே இன்னொரு தப்பும் நடந்தது, அது இன்றும் வலிக்கிறது. நடுச் சதுரங்களுக்குச் சிவப்பு மதுரைச் சுங்குடி வைத்தேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற துணி, எங்கள் ஊர்ப் பெருமை, அதில்தான் தொடங்கவேண்டும் என்று ஆசை. நனைக்காமல் வெட்டினேன். போர்வை முடிந்து முதல் அலசலில் பக்கத்து வெள்ளைப் பட்டிகள் ரோஜா நிறமாகிவிட்டன. இரண்டு மாத வேலை. அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் எதுவானாலும் வெட்டுவதற்கு முன் நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டாதவரை அலசிக்கொண்டே இருங்கள். தைத்தபின் ஏறிய சாயத்தை எடுப்பது பெரும்பாடு.

நடுவில் எதை வைப்பது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். லாக் கேபினுக்குப் பாலியஸ்டர் பஞ்சுத் தகடு வைத்தேன். எடை இல்லை, சுருங்காது, சீக்கிரம் காயும். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் அதைப் போர்த்திப் படுக்க முடியாது. தைக்கும்போதும் வழுக்கி வழுக்கி அடித்துணியில் மடிப்பு விழுந்தது. மூன்று அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டிய பிறகுதான் அடங்கியது. பருத்திப் பஞ்சுத் தகடு காற்றோட்டமானது, துவைத்தால் சற்றுச் சுருங்கும், நனைந்தால் கனக்கும். இலவம் பஞ்சு வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். அது வழவழப்பான, ஒன்றோடொன்று பிடிக்காத இழை; தலையணை உறைக்குள் சரி, தையலுக்கு நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். நம் தட்பவெப்பத்துக்கு நான் கண்ட நல்ல நடுத்துணி பழைய பருத்திச் சேலைதான். உப்பலாக இருக்காது, ஆனால் குளிர்ச்சி, ஒரே வெயிலில் காய்ந்துவிடும்.

காகித அறுகோணம் இதற்கு நேர் எதிர். மெஷினே வேண்டாம். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்த முறை. அறுகோணமாக வெட்டிய காகிதத்தின்மேல் துணியை மடித்து நூல் ஓட்டி, இரண்டிரண்டாக ஓரத்தோடு ஓரம் சேர்த்து நெருக்கமாகத் தைத்து, கடைசியில் காகிதத்தை உருவிவிடவேண்டும். அந்தக் காலத்தில் பழைய கடிதங்களையும் செய்தித்தாள்களையும் வெட்டிப் பயன்படுத்தினார்கள். உருவாமல் விட்டுப்போன காகிதங்களை வைத்துப் போர்வையின் வயதையே கணிக்கிறார்கள். நான் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினேன். உருவும்போது துண்டு துண்டாக முகூர்த்த நேரங்களும் பாதி அறுந்த பெயர்களும் கையில் வரும். யாருடைய கல்யாணம் என்று அம்மா கண்டுபிடித்துச் சொல்வாள்.

பக்கம் ஓர் அங்குலம் உள்ள அறுகோணம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. பத்தொன்பது சேர்ந்தால் ஒரு பூ. தப்பு உடனே தெரியும்: ஒரு ஓரம் பொருந்தவில்லை என்றால் அடுத்த ஓரத்தைத் தைக்கவே முடியாது. பிரிப்பதும் ஓர் அங்குலம்தான். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில், மின்சாரம் போன மாலையில் எங்கும் தைக்கலாம். மெஷினில் என்னை அழவைத்த மூலைகள், இங்கே மூன்று மூன்றாகச் சேரும் இடத்தில் ஊசிமுனைபோலக் கூர்மையாக நின்றன. துல்லியம் என்றால் என்ன என்று என் விரல்களுக்கு இதுதான் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் நேரம்! ஒரு ஒற்றைக் கட்டில் விரிப்புக்கு, 60-க்கு 90 அங்குலம் என்று வைத்தால், ஏறக்குறைய 2,080 அறுகோணம் வேண்டும். ஒன்பது மாதத்தில் நான் முடித்தது 22 பூ, 418 அறுகோணம். இதே வேகத்தில் போனால் விரிப்பு முடிய இன்னும் மூன்று வருடம். முதல் வேலையாக இதை எடுத்தவர்கள் பாதியில் விட்டால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். சின்னச் சதுரத் தலையணை உறையின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய நூறு போதும்; அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கவந்தியை நான் எடுத்தது ஐப்பசி மழையில். வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பழைய சேலையை அடித்துணியாக விரித்து, மூலையில் தொடங்கி, வெட்டுத்துணியின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டு ஏறும். ஓரம் முழுக்கச் சுற்றி வந்து, பிறகு உள்சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று. கடைசித் துண்டு நடுவில் விழும். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடக்கிறது. தனியாக ஓரப்பட்டி கட்டும் வேலையும் இல்லை. நான்கு மூலையிலும் சின்னச் சதுரங்களை மடித்துத் தைத்த ‘பூலா’ என்ற பூ இருக்கும். அது இல்லாமல் கவந்தி முழுமையாகாது.

36-க்கு 45 அங்குலத்தில், தங்கை பிள்ளைக்கு. இரண்டு சேலை, ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் அங்குஸ்தான் ஒன்று, அரை அங்குலத்துக்கு ஒரு வரிசைத் தையல். இங்கே தப்பு என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. ஒரு துண்டு கோணலாகப் போனால் அடுத்த துண்டை அதற்கேற்ப மடித்தேன். எதையும் பிரிக்கவில்லை. அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்களின் கில்ட்கள் 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. லாக் கேபினின் உறவான ‘ஹவுஸ்டாப்’ அமைப்பில், பழைய வேலை உடுப்புகளில், பட்டிகள் சாய்ந்தும் அகன்றும் இருக்கும். அந்தப் படங்களை நான் சித்திரையிலேயே பார்த்தேன், ரசித்தேன். அந்தக் கை எப்படி முடிவெடுக்கிறது என்பது கவந்தி தைத்தபோதுதான் புரிந்தது.

ஒரு மதியம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே ஊசியை வாங்கி மறு மூலையிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். “கைப்பிள்ளைக்கு விரிக்க உங்க அப்பத்தா சேலையை மடிச்சு இப்படித்தான் தைக்கும்” என்றாள். அவள் தையல் என்னுடையதைவிட நீளம், சற்று மேடு. அந்தப் பக்கத்தை விரலால் தடவினாலே தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. நாலு அடுக்கில் ஊசி தள்ளிக் கட்டைவிரல் வீங்கும். சேலையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும்: வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உட்காரும் பகுதி நைந்திருப்பது தெரியும், அதைத் தள்ளிவிட்டு முந்தானைப் பக்கத்தையும் கரையையும் எடுக்கவேண்டும். வாஷிங் மெஷினில் போடுவதற்கு நான் துணியமாட்டேன். அடிக்கடி துவைக்கும் போர்வைக்கு மெஷின் தையல்தான் தாங்கும், அதில் லாக் கேபினை மற்ற இரண்டும் நெருங்க முடியாது.

ஆனாலும் முதல் கில்ட் எது என்று கேட்பவர்களுக்குக் கவந்தி என்றுதான் சொல்கிறேன். ஆறு வாரத்தில் முடிந்தது, கையில் காசு செலவாகவில்லை, முடிக்காமல் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அது முடிந்த கையோடு அறுகோணத்துக்குப் போனால் விரல் தயாராக இருக்கும். கால் அங்குலத்தோடு மல்லுக்கட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நான் தலைகீழாகப் போனேன், அதனால்தான் தொண்ணூற்றாறு தையல்.

ரோஜா நிறம் ஏறிய லாக் கேபின் என் கட்டிலில் கிடக்கிறது. கவந்தி தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளை பூலாவை வாயில் வைத்துச் சப்புகிறான் என்று படம் அனுப்பினாள். இருபத்து மூன்றாவது பூவுக்குச் சிவப்பு வேண்டும். சுங்குடி வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது, இது மூன்றாவது தண்ணீர்.