பிரிட்ஜ் மோடா, ஏபி மோடா: ரூட்டிங்கை எந்தப் பெட்டியில் விடுவது?

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவரும் சேலம் அஸ்தம்பட்டியில் மாடி வீடு வைத்திருப்பவரும் புது ரூட்டர் வாங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: இணைப்பை வீட்டுச் சாதனங்களுக்குப் பிரித்து அனுப்பும் ரூட்டிங் வேலையைப் புது ரூட்டருக்குக் கொடுப்பதா (பிரிட்ஜ் மோடு), மோடத்திலேயே விடுவதா (ஏபி, அதாவது ஆக்சஸ் பாயின்ட் மோடு)? பதில் மட்டும் ஒன்றல்ல.

அதற்கு முன் லைனைப் பாருங்கள். எரர் உள்ள லைனில் ரூட்டரை மாற்றினால் பழி புதுப் பெட்டி மேல்தான் விழும். ஃபைபர் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸ் 15க்கும் மைனஸ் 25 டிபிஎம்முக்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தொட்டால் லைன் விட்டு விட்டு வரும். மலையில் காரணங்கள் வெளிப்படை: சில்வர் ஓக் கிளை காற்றில் கேபிளை இழுக்கும், குரங்கு தொங்கும். வீட்டுக்குள் என்றால் மோடத்துக்குப் பின்னால் இறுக்கி மடக்கிய பேட்ச் கார்டு (மோடத்தில் செருகும் மெல்லிய ஃபைபர் கேபிள்). பச்சைத் தலை கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டது. அதை நேராக வெட்டிய முனைக்கான நீல சாக்கெட்டில் செருகினால் இடைவெளி விழுந்து பவர் சரியும். முனையை வாயால் ஊதாதீர்கள், கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவிலுள்ள லேன் கேபிளையும் விடக்கூடாது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். கிரிம்பிங்கில் (கம்பிகளை பிளக்கில் அழுத்திப் பொருத்துவதில்) ஒன்று விட்டுப்போனால் லிங்க் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

இனி பிரிட்ஜ். மோடம் வெறும் வாசற்படி. பிபிபிஓஇ லாகின், அதாவது நெட் நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் லாகின், புது ரூட்டரில். யூசர்நேம், பாஸ்வேர்டு, வீலான் எண் (லைனில் நெட்டுக்கான தனித் தடத்தின் எண்) மூன்றும் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய அமைப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். மாற்றியதும் லாகின் ஆகவில்லையா? பழைய செஷன் நிறுவனத்தின் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கலாம். பெட்டியை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். பிங் (இணைப்புச் சோதனை) போகிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டில் போகும் அதிகபட்ச பைட் அளவை) பாருங்கள். பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 அல்ல, 1492. லேண்ட்லைன் இருந்தால் மோடத்தில் வாய்ஸுக்கான வேன் (WAN, வெளி இணைப்பு) அமைப்பைத் தொடாதீர்கள், போன் ஊமையாகிவிடும். இன்னொரு எரிச்சல்: கஸ்டமர் கேர் தூரத்திலிருந்து மோடத்தை ரீசெட் செய்தால் பிரிட்ஜ் அமைப்பும் போச்சு.

ஏபி மோடில் அந்தத் தலைவலி இல்லை. ரூட்டிங் மோடத்திலேயே இருக்கும், புதுப் பெட்டி வைஃபை மட்டும் கொடுக்கும். மெனுவில் ஏபி மோடு இருந்தால் தட்டினால் போதும். இல்லையென்றால் புதுப் பெட்டியில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் ஐபியை 192.168.1.2 போல மாற்றி, கேபிளை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் ஒரு போனில் நெட் வரும், பக்கத்துப் போனில் வராது. ஆளுக்கொரு கேட்வே (வெளியே போகும் வழி) கிடைத்திருக்கும்.

இரண்டு பெட்டியும் ரூட்டிங் செய்யும் இரட்டை நாட் (ஐபி முகவரி மாற்றம் இரண்டு முறை நடப்பது), அவசரத்துக்கு ஓடும். நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

விருந்தினருக்குத் தனி வைஃபை, அறைக்கு வேக வரம்பு, லைன் போனால் 4ஜி டாங்கிள் என்று தேவைப்படும் ஹோம்ஸ்டேவுக்கு பிரிட்ஜ்தான். லேண்ட்லைனோடு இருக்கும் சேலம் வீட்டுக்கு ஏபி போதும். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க மட்டும் பிரிட்ஜுக்குப் போவதானால் முதலில் வேன் ஐபியைப் பாருங்கள்: 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது சிஜிநாட் (நிறுவனம் ஒரு பொது ஐபியைப் பலருக்குப் பகிர்வது), போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்புவது) எப்படியும் வேலை செய்யாது.

ஏற்காட்டில் இதைச் சனிக்கிழமை மாலை தொடாதீர்கள். செவ்வாய் காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள். லைன்மேன் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும்.