கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 'எல்லா லைசென்ஸும் எடுத்துத் தருகிறேன்' என்று வருபவர்களிடம் கவனம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் பக்கம் வீட்டிலிருந்தே முறுக்கு, மாவு, பொடி, ஊறுகாய் என்று தொழில் தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் ஒரு ஏஜென்ட்டிடம் நாங்கள் 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். அவர் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நானும் என் நங்கையாவும் (அண்ணி) முறுக்கு, தட்டுவடை, இட்லிப்பொடி செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2024 ஓணத்துக்கு முன்னால் கடைகளுக்கும் போடலாம் என்று முடிவெடுத்தோம். கடைக்குப் போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்) வேண்டும், பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். அந்த நேரத்தில்தான் ஒரு சொந்தக்காரர் மூலமாக இவர் வந்தார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. "நீங்க ஒண்ணும் அலைய வேண்டாங்க்கா, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். எங்கள் ஊரில் இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நங்கையா படித்தது தமிழ் மீடியம். விண்ணப்பமெல்லாம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் கண்ணில் படுகிறது. தமிழில் பேசி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கணக்கு இது: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அரசுக் கட்டணம் 5,000, பஞ்சாயத்து லைசென்ஸ் 4,000, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) 1,500, தண்ணீர் பரிசோதனை 2,000, இரண்டு பேருக்கு ஹெல்த் கார்டு 2,000. முழுப் பணமும் ஜிபேயில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டபோது எல்லாம் முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்.

இப்போது உண்மைக் கணக்கைச் சொல்கிறேன். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். அதற்கு அரசுக் கட்டணமும் அப்போது ஆண்டுக்கு வெறும் 100 ரூபாய்தான். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம். அதே மாதிரித் தோற்றத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் எதையும் நிரப்ப வேண்டாம்.

முதலில் ஹெல்த் கார்டு விஷயத்திலேயே எங்களுக்கு உறுத்தியது. ஆதார் நகலும் போட்டோவும் அனுப்பினால் போதும், டாக்டர் முத்திரையோடு கார்டு வந்துவிடும் என்றார். "டாக்டர் பார்க்காமலே எப்படிங்க கார்டு வரும்?" என்று நங்கையா நேராகவே கேட்டுவிட்டார். கேரளத்தில் உணவால் உயிர் போன சம்பவங்களுக்குப் பிறகு, 2023-இல் உணவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெல்த் கார்டு கட்டாயம் என்று கண்டிப்பாக்கினார்கள். டாக்டர் பரிசோதிக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து. பார்க்காமலே போடும் கையெழுத்தை வாங்கிவைத்துக்கொண்டு அடுத்தவர் பிள்ளைக்கு முறுக்கு விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போய் முறையாக எடுத்துக்கொண்டோம். அந்த 2,000 ரூபாயை அவர் திருப்பித் தரவே இல்லை.

அடுத்தது தண்ணீர் ரிப்போர்ட். சாம்பிள் எடுக்க ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை, பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள் என்றும் யாரும் கேட்கவில்லை. ஆனால் ரிப்போர்ட் வந்துவிட்டது, முத்திரையெல்லாம் இருந்தது. மாதிரி எடுத்த இடம் 'திறந்த கிணறு' என்று போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது, போர்வெல்தான். எல்லாவற்றையும்விட எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான். பணத்தை ஏமாற்றுவது ஒரு பக்கம். அந்தத் தண்ணீரில் உண்மையிலேயே கெடுதல் இருந்து, 'நன்றாக இருக்கிறது' என்ற காகிதத்தை நம்பி நாங்கள் மாவு பிசைந்திருந்தால் என்ன ஆகும்? தெரிந்தே இப்படி ஒரு காகிதத்தை உண்டாக்கிக் கொடுப்பவரை வெறும் புரோக்கர் என்று நினைத்து விட்டுவிட முடியாது.

கடைசியாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழ் பிடிஎஃப்பாக வந்தது. நங்கையாவின் பெயர், போட்டோ, 14 இலக்க எண் எல்லாம் சரியாக இருந்தன. அந்த எண்ணைப் போட்டு ஸ்டிக்கர் அச்சடித்து, முதல் தடவையாகப் பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். "சேச்சி, இது தமிழ்நாட்டு நம்பராணல்லோ" என்றார்.

அவர் பொறுமையாக விளக்கினார். முதல் இலக்கம் 2 என்றால் பதிவு, 1 என்றால் லைசென்ஸ். அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்துக்குரியது. கேரளத்துக்கு 13, தமிழ்நாட்டுக்கு 24. அப்படியானால் எங்கள் எண் 213 என்று தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் ஸ்டிக்கரில் இருந்தது 224. அவருடைய போனிலேயே ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தளத்தில் எண்ணைப் போட்டுக் காட்டினார். பெயர் நங்கையாவுடையது, ஆனால் தொழில் நடக்கும் இடம் என்று பொள்ளாச்சிப் பக்கம் நாங்கள் பார்த்தே இராத ஒரு கதவு எண். தொழில் வகையிலும் தயாரிப்பாளர் என்று இல்லாமல் சில்லறை வியாபாரி என்று இருந்தது.

போன் போட்டோம். "கேரளா, தமிழ்நாடு எல்லாம் ஒண்ணுதாங்க்கா, இது இந்தியா முழுக்கச் செல்லும்" என்றார். இந்தப் பேச்சை யாரும் நம்பாதீர்கள். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் பதிவு என்பது குறிப்பிட்ட ஓர் இடத்துக்குத் தரப்படுவது. எந்தச் சமையலறையில் செய்கிறோமோ அந்த முகவரிக்கு எடுக்க வேண்டும். சமையலறை வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இவரோ முகவரி மாற்ற இன்னும் 3,000 ரூபாய் கேட்டார். மறுத்ததும் எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கணக்கில் நாங்களே நுழைந்து பார்க்கலாம் என்றால், பதிவு செய்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை. ஓடிபி அவருக்குத்தான் போகும். நாளைக்குப் புதுப்பிக்க வேண்டுமானாலும் அவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும், அதற்காகவே செய்து வைத்தது அது. விசாரித்ததில் வேலந்தாவளம் பக்கம் இன்னொரு வீட்டுக்கும் இதே கதவு எண்ணில் பதிவு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஓண விற்பனை போயிற்று. அச்சடித்த ஸ்டிக்கர் முழுவதும் வீண். பஞ்சாயத்து லைசென்ஸுக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது பஞ்சாயத்து ஆபீசில் கேட்டபோதுதான் தெரிந்தது.

அதே பஞ்சாயத்து ஆபீசில்தான் எங்களுக்கு வழியும் கிடைத்தது. தொழில் துறை சார்பில் உள்ளாட்சி அமைப்புகளில் புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு உதவ ஆள் போட்டிருக்கிறார்கள், 2022-23-ஐத் தொழில் ஆண்டாக அறிவித்தபோது வந்த ஏற்பாடு. இலவசம். எங்கள் பக்கம் இது பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். தொழில் அனுமதிகளுக்கான கேரள அரசின் கே-ஸ்விஃப்ட் தளத்தில் சுய உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்று வாங்க முடியும் என்பதும், அது மாநில அனுமதிகளுக்கு மட்டும்தான், உணவுப் பாதுகாப்புப் பதிவைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பிரதமர் பெயரிலான உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் அப்போது 35 சதவீத மானியத்தோடு கடன் கிடைத்தது. அதற்கு உதவ மாவட்டத்தில் ஆள் இருந்தார், அவருக்குரிய தொகையை அரசே கொடுத்தது. இந்த மானியம் வாங்கித் தர கமிஷன் கேட்பவர்களும் நம் பக்கம் சுற்றுகிறார்கள்.

பிறகு அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) எங்கள் மொபைல் எண்ணையே கொடுத்துப் புதிதாக விண்ணப்பித்தோம். போட்டோ, அடையாள அட்டை, இடத்துக்கான ஆதாரம், இவ்வளவுதான் கேட்டார்கள். விண்ணப்பித்து 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருவதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டுக்கு அதிகாரி வந்தார். அரிசி மாவு வைக்கும் டப்பா, மீந்த எண்ணெயை என்ன செய்கிறோம், ஜன்னலில் வலை இருக்கிறதா என்று பார்த்தார். 213 என்று தொடங்கும் எண் வந்தது.

இன்னொரு விஷயம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கும் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் புகாரைத் தமிழில்தான் எழுதிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

இதே மாதிரிச் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் ஃபாஸ்காஸ் தளத்தில் எண்ணைப் போட்டு முகவரியையும் தொழில் வகையையும் பாருங்கள். கட்டணமும் விற்பனை வரம்பும் இப்போது என்ன என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். தவறாக இருந்தால் கேரள உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 1800 425 1125 என்ற எண்ணிலும், பணம் போனதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் புகாரோடு உங்களுடையதும் சேர்ந்தால் அந்த ஒரே கதவு எண்ணை வைத்தே நிரூபித்துவிடலாம்.